கேட்டுக்கு முன்னால் நின்ற கார்

மணி இன்னும் இரண்டரை ஆகவில்லை. மூன்று மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள், கடிதத்தில் அப்படித்தான் இருக்கிறது, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று, பாரங்காய் ஆபீஸ். பாரங்காய் என்றால் நம் ஊர் வார்டையும் பஞ்சாயத்தையும் சேர்த்துப் பிசைந்த மாதிரி ஒன்று, தெருச் சண்டைகளுக்கு முதலில் அங்கேதான் போக வேண்டும், கோர்ட்டெல்லாம் அதற்கப்புறம். புகார் கொடுத்தவர் செண்பகராமன், அது நான். எதிர்வாதி வென்சியோ. எதிர்வாதி எதிர்வீட்டு ஹாலில் பெட்டிக்குள் படுத்திருக்கிறார், இன்றோடு நான்கு நாளாகிறது. தேங்காய் எண்ணெய் ஃபாக்டரியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், விசாரணைக்கு என்று முன்னமே எழுதிக்கொடுத்த லீவு, எதிராளி செத்துப்போனார் என்று சூப்பர்வைசரிடம் எப்படிச் சொல்வது, அதனால் சொல்லவில்லை, வீட்டுக்கு வந்து சன்னல் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். கரண்ட் இல்லை. இங்கே மத்தியானத்தில் இப்படிப் போகும். ஃபேன் நின்றதும் தெருவே காதுக்குள் வந்துவிடுகிறது. எதிர்வீட்டு வாசலிலிருந்து பாதித் தெருவரைக்கும் நீலத் தார்ப்பாய் போட்டுப் பந்தல் கட்டியிருக்கிறார்கள், அதன் ஒரு கயிறு என் கேட் கம்பியில் கட்டியிருக்கிறது, காற்றடித்தால் கேட் மெதுவாக முனகுகிறது, யாரோ திறக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி. கட்டுவதற்கு முன் பெல் அடித்துக் கேட்டார்கள், சர், பரவாயில்லையா என்று. பரவாயில்லை என்றேன். வேறு என்ன சொல்ல முடியும். அந்தக் கயிற்றுக்குக் கீழே, கேட்டை அடைத்துக்கொண்டு, அந்த வெள்ளிநிறக் கார். அது மட்டும் போன வாரம் நின்ற அதே இடத்தில் நிற்கிறது.

எட்டு மாதம். நாடுவிட்டு நாடு, லகூனா மாகாணத்தில் இந்தத் தெருவுக்கு வாடகைக்கு வந்து எட்டு மாதம். வந்த அன்றே அந்தக் கார் அங்கேதான் நின்றது. இந்த வீடு ஒன்பது வருஷம் பூட்டிக் கிடந்ததாம், எதிர்வீட்டு வென்சியோவின் வாசலில் திறந்த சாக்கடை, காரை நிறுத்த இடமில்லை, அதனால் ஆளில்லாத வீட்டு வாசலில் நிறுத்திப் பழகிவிட்டார். ஹார்ன் அடித்தால் வருவார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒரு காலை லேசாக இழுத்துக்கொண்டு, சாரி சர், சாரி என்று சிரித்துக்கொண்டே வருவார், அறுபத்தோரு வயது, தலையில் எப்போதும் சிவப்புத் தொப்பி. எடுப்பார், நான் வெளியே போவேன், திரும்பவும் அங்கேயே கொண்டுவந்து நிறுத்துவார். தினமும். தினமும் அந்தச் சிரிப்பு. சங்கரன்கோவிலில் என்றால் இரண்டாம் நாளே, யோவ் வண்டியை எடுய்யா, உங்க அப்பன் வீட்டு வாசலா என்று கத்தியிருப்பேன், அவனும் கத்தியிருப்பான், தெருவே கூடியிருக்கும், மறுநாள் இரண்டு பேரும் ஒரே கடையில் டீ குடித்திருப்போம். இங்கே யாரும் குரலை உயர்த்துவதில்லை. குரலை உயர்த்தாத ஊரில் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை, அது உள்ளேயே கிடந்து புளித்தது. ஒருநாள் காலை ஹார்ன் அடித்தேன், வரவில்லை. கால் மணி நேரம் அடித்தேன். பிறகுதான் தெரிந்தது, ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாராம். அன்றைக்கு ஃபாக்டரிக்கு வெளியூரிலிருந்து சோதனைக்கு ஆட்கள் வந்திருந்தார்கள், நான் போய்ச் சேரும்போது அவர்கள் எழுந்துகொண்டிருந்தார்கள். சாயங்காலம் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதினேன், இது என் கேட், இன்னொரு முறை நிறுத்தினால் சட்டப்படி நடவடிக்கை என்று. வைப்பருக்கு அடியில் செருகினேன். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதியது, எழுதும்போதே மொட்டையாகத்தான் இருந்தது, இருக்கட்டும் என்று விட்டேன். மறுநாளிலிருந்து தெருவே மாறிப்போனது. சிரிப்பு இருந்தது. அது எல்லோர் முகத்திலும் ஒரே அளவில் இருந்தது. என் காரை நான் சர்ச் மைதானத்தில் நிறுத்திவிட்டு நடக்க ஆரம்பித்தேன், அவரிடம் எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டாமே என்று. போர்ட்டிகோ காலியாகக் கிடந்தது. காலியான போர்ட்டிகோவுக்கு முன்னால் அவர் கார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குள் என்னவோ ஏறியது. வியாழக்கிழமை போய்ப் புகார் எழுதிக்கொடுத்தேன். வெள்ளிக்கிழமை அவருக்குக் கடிதம் வந்தது, கொண்டுவந்த ஆள் தெருவில் நின்று பெயரை உரக்கக் கூப்பிட்டதைக் கேட்டேன். கேட்டதும் ஒரு திருப்தி. அதையும் சொல்லத்தான் வேண்டும், திருப்தியாக இருந்தது.

சனிக்கிழமை. சனிக்கிழமைக்குப் போகாமல் இருக்கத்தான் இவ்வளவும் சுற்றிவந்தேன், நான்கு நாளாக அப்படித்தான், எங்கே தொடங்கினாலும் அங்கே போய் முட்டுகிறது. காலை ஆறரை. காப்பி போட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு இதே நாற்காலியில்தான் உட்கார்ந்தேன். வெளியே எஞ்சின் கிளம்பியது. ஆகா, எடுக்கிறார், கடிதம் வேலை செய்துவிட்டது என்று நினைத்தேன். காப்பி குடித்தேன். எஞ்சின் ஓடியது. கியர் விழவில்லை. சூடேற்றுகிறார் என்று நினைத்தேன், பழைய வண்டி. ஓடிக்கொண்டே இருந்தது. புகை வாசம் சன்னல் வழியாக வந்தது, அப்போதுதான் தோன்றியது, வேண்டுமென்றே செய்கிறார். கடிதத்துக்குப் பதில் இது. கத்தத் தெரியாத மனுஷன் வண்டியை விட்டுக் கத்துகிறார். திரையை ஒரு விரலால் ஒதுக்கிப் பார்த்தேன். இந்தப் பக்கத்திலிருந்து ஓட்டுகிறவருக்கு அடுத்த சீட்தான் தெரியும், அதற்கப்பால் அந்தச் சிவப்புத் தொப்பி. நேராக, அசையாமல். பிடிவாதத்தைப் பார் என்று நினைத்தேன். பிடிவாதம் என்ற அந்தச் சொல்லைத்தான் நினைத்தேன், அது இப்போது நாக்கில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்கிறது. சன்னலைச் சாத்தினேன். டிவியைப் போட்டேன், சத்தத்தைக் கூட்டினேன். எஞ்சின் சத்தம் சுவர் வழியாக வந்தது, தரையில் வந்தது, டம்ளரில் மிச்சமிருந்த காப்பியின் மேல் மெல்லிய வட்டம் வட்டமாக வந்தது. நானும் விடவில்லை. யார் முதலில் அலுத்துப்போகிறோம் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருந்தேன். ஏழு பத்துக்கு அவர் மனைவி அலறினாள். நாற்பது நிமிஷம். செத்துப்போன மனிதரோடு நாற்பது நிமிஷம் போட்டி போட்டிருக்கிறேன், நான் ஜெயிக்க வேண்டும் என்று. எந்த நிமிஷத்தில் போனார்? ஐந்தாவதிலா, முப்பதிலா? நான் திரையை ஒதுக்கியபோது தொப்பிக்குக் கீழே இருந்தது யார், அவரா, அவர் போன பிறகு மிஞ்சியதா? அப்போது ஒரு கதவைத் திறந்து பத்தடி நடந்திருந்தால்? பத்தடிகூட இல்லை. அளந்து பார்த்தாயிற்று, மனசுக்குள்தான், ஏழரை.

நான் வீட்டில் இருந்தது யாருக்கும் தெரியாது. அல்லது எல்லோருக்கும் தெரியும். இந்த இரண்டில் எது என்பதுதான் தெரியவில்லை. ஏனென்றால் சனிக்கிழமையிலிருந்து எனக்குச் சாப்பாடு வந்துகொண்டே இருக்கிறது. பக்கத்து வீட்டு எட்கர், நம் ஊர் ஆட்டோ மாதிரி இங்கே ஓடும் டிரைசைக்கிள் ஓட்டுகிறவர், வேளைக்கு ஒரு தட்டை மூடி எடுத்துக்கொண்டு வருகிறார். சாவு வீட்டில் சமைத்தது, சர், நீங்களும் சாப்பிடுங்கள் என்கிறார். சாவு வீட்டில் அடுப்பு மூட்டிப் பந்தி போடுவது இங்கே வழக்கம், சரி. ஆனால் எனக்கு ஏன்? அந்த மனிதரைப் பஞ்சாயத்துக்கு இழுத்தவனுக்கு ஏன்? தட்டைக் கொடுத்துவிட்டு எட்கர் உடனே போவதில்லை. ஏதோ சொல்ல வருகிற மாதிரி வாயைத் திறப்பார், என் முகத்தைப் பார்க்காமல் கேட்டைப் பார்ப்பார், பிறகு சிரித்துவிட்டுப் போய்விடுவார். தட்டுகளை நான் கழுவி வரிசையாக வைத்திருக்கிறேன். திருப்பிக்கொடுக்கப் போகவில்லை. இதோ, மறுபடியும் அந்தச் சத்தம். கீச்சென்று. காலையிலிருந்து கேட்கிறது, கோழிக்குஞ்சு. எதிர்வீட்டுக்குள்ளிருந்துதான் வருகிறது. ஃபாக்டரியில் ஜோஸ்லின் என்றொரு பெண், ஒருநாள் கேன்டீனில் சாதாரணமாகச் சொன்னாள், கொலையாகிச் செத்தவர்களின் பெட்டிமேல் ஒரு கோழிக்குஞ்சை விடுவார்களாம், பெட்டிக் கண்ணாடியை அது கொத்தக் கொத்தக் கொன்றவனின் மனசாட்சியையும் ஏதோ கொத்துமாம், தானாக வந்து நிற்பானாம். நாங்கள் சிரித்தோம். இப்போது கீச்சென்கிறது. விட்டு விட்டு. கொத்துகிற சத்தம் இவ்வளவு தூரம் கேட்காது என்று எனக்குத் தெரியும். கேட்கிறது. நெற்றிப்பொட்டில் கேட்கிறது. நேற்று ஊரிலிருந்து மனைவி தேவகி போனில் கேட்டாள், போய்ட்டு வந்தியளா? இல்லை என்றேன். என்னத்துக்கு? வேலை என்றேன். அவள் விடவில்லை. நல்லதுக்குக் கூப்ட்டாத்தான் போணும், கெட்டதுக்குக் கூப்பிடாமலே போணும், ஒங்களுக்குத் தெரியாததா, எதிர்த்த வீட்ல பொணத்தைப் போட்டுட்டு நீங்க எப்படிங்க சோறு திங்கிய? எஞ்சின் விஷயத்தை நான் அவளிடம் சொல்லவில்லை. என் மனைவியிடமே சொல்லவில்லை என்றால் அதற்கு என்ன பெயர்?

மணி இரண்டு ஐம்பது. கயிறு அசைகிறது, கேட் முனகுகிறது. நான் எழுந்துவிட்டேன் என்பது எழுந்த பிறகுதான் தெரிந்தது. தட்டுகளை எடுத்துக்கொண்டேன், கையில் ஏதாவது வேண்டுமே. பக்கக் கதவு வழியாகத் தெருவுக்கு வந்தேன். வெயில் காரின் கூரைமேல் எரிந்தது, நான் அதைத் தொடாமல் ஒட்டி ஒட்டி நடந்தேன், குப்புறப் படுத்திருக்கும் நாயைத் தாண்டுகிற மாதிரி. பந்தலுக்குக் கீழே நாலைந்து ஆண்கள் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். நிறுத்திவிட்டார்கள். வா என்றும் சொல்லவில்லை, ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை, கால்களை மடக்கி வழிவிட்டார்கள், அவ்வளவுதான். எட்கர் மட்டும் எழுந்து என் கையிலிருந்த தட்டுகளை வாங்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். ஹால் சின்னது. வெள்ளைப் பெட்டி, இரண்டு பக்கமும் மின்சார மெழுகுவர்த்திகள் கரண்ட் இல்லாமல் செத்துக் கிடந்தன, ஒரேயொரு நிஜ மெழுகுவர்த்தி எரிந்தது. நான் முகத்தைப் பார்க்கவில்லை, முதலில் கண்ணாடியைப் பார்த்தேன். கண்ணாடிமேல் ஒரு ஜெபமாலை. குஞ்சு இல்லை. கீச்சென்று மறுபடி கேட்டது, கொல்லைப்பக்கத்திலிருந்து, அங்கே சமையலறை வாசலில் ஒரு தாய்க்கோழி ஏழெட்டுக் குஞ்சுகளோடு அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தது. அப்புறம்தான் அவர் முகத்தைப் பார்த்தேன். தொப்பி இல்லாமல் பார்ப்பது முதல் தடவை. நெற்றி வெள்ளையாக, யாரோ ஒரு வாத்தியார் மாதிரி இருந்தார். எட்டு மாதத்தில் அவரை ஒரு தடவைகூட நிதானமாகப் பார்த்ததில்லை, எப்போதும் என் வழியிலிருந்து விலகுகிறவராகத்தான் பார்த்திருக்கிறேன்.

பெட்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் மனைவி மிலா. இங்கே மூத்தவளை அத்தே என்று கூப்பிட வேண்டும், அக்கா என்று அர்த்தம், ஆனால் என் காதுக்கு அது எப்போதும் அத்தைதான், ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் உரிமையில்லாத இடத்தில் கைவைத்த மாதிரி இருக்கும். அத்தே மிலா என்றேன். அதற்குமேல் வரவில்லை. ஊரில் என்றால் ஒன்றும் சொல்லவே வேண்டாம், துண்டை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். அவர் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் புரிந்தது. அங்கிருந்து பார்த்தால் வாசல், வாசலுக்கு நேரே கார், காரின் இந்தப் பக்கத்துச் சன்னல், அதற்குள் ஓட்டுகிறவர் சீட். நான்கு நாளாக இவர் இங்கேயே உட்கார்ந்து அந்த சீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். “சர்,” என்றார், “உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும், கேட்க வெட்கமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் கார் ஓட்டத் தெரியாது. எட்கரை அனுப்பினேன், அவருக்குச் சொல்ல வாய் வரவில்லை. அதைக் கொஞ்சம் நகர்த்த முடியுமா? எங்கே என்றாலும் சரி. எனக்கு அது தெரியக்கூடாது.” ஒரு சாவியை என் கையில் வைத்தார். எட்கர் வேளைக்கு ஒரு தட்டோடு வந்து கேட்டைப் பார்த்தது இதற்குத்தான். நான் அதற்குள் என்னென்ன கட்டிவைத்திருந்தேன். சரி அத்தே என்று எழுந்து போயிருக்கலாம், வந்த வேலை முடிந்தது. சாவி உள்ளங்கையில் குளிர்ந்து கிடந்தது. எழ முடியவில்லை. “அவர் என் கடிதத்தால்தான் காரை எடுக்கப் போனாரா?” என்று கேட்டேன். இல்லை என்று சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன், இந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள், எதிராளி முகம் வாடக்கூடாது. “ஆமாம்,” என்றார். “வெள்ளிக்கிழமை வந்தது. கோபப்படவில்லை. வெட்கப்பட்டார். பெயரைத் தெருவில் கூப்பிட்டார்கள் அல்லவா, அது. காலையில் முதல் வேலையாக எடுத்துவிடுகிறேன் என்றார்.” பிறகு, “இதயம் ஏற்கனவே சரியில்லை. மாத்திரையை ஒளித்துவைத்துச் சாப்பிடுவார், எனக்குத் தெரியக்கூடாது என்று. எனக்குத் தெரியும்.”

“அத்தே, சனிக்கிழமை நான் வீட்டில்தான் இருந்தேன்.” சொல்லிவிட்டேன். பந்தலில் சீட்டுப் போடுகிற சத்தம் மறுபடி நின்றது. “எஞ்சின் கேட்டது. முதலிலிருந்தே கேட்டது. எனக்குக் கோபமூட்டச் செய்கிறார் என்று நினைத்தேன். பார்த்தேன், தொப்பி தெரிந்தது. வெளியே வரவில்லை. சன்னலைச் சாத்திவிட்டேன்.” என் ஆங்கிலம் உடைந்து உடைந்து வந்தது, ஏதோ ஒரு சொல் தமிழிலேயே போய்விட்டது, என்ன சொல் என்று தெரியவில்லை. மிலா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எப்படிச் சொல்வேன், அதில் கோபத்தைத் தேடினேன், கிடைத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். “நான் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன்,” என்றார். “எனக்கும் கேட்டது. எஞ்சினோடு ரேடியோவும் கேட்டது. காலைச் செய்தி கேட்கிறார், முடிந்ததும் வருவார் என்று இருந்தேன். மீன் ஆறிவிடப்போகிறதே என்று கோபம் வேறு.” எட்கர் பக்கம் தலையைத் திருப்பினார். “இவருக்கும் கேட்டது. டிரைசைக்கிளைத் துடைத்துக்கொண்டு பத்தடியில் நின்றார். குட் மார்னிங் சொன்னாராம், என் வீட்டுக்காரர் பதில் சொல்லவில்லையாம், மனசு சரியில்லை போல என்று விட்டுவிட்டாராம்.” எட்கர் தட்டுகளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். “மூலைவீட்டுக்காரி துணி உலர்த்தும்போது பார்த்திருக்கிறாள். கடைக்காரர் கேட்டிருக்கிறார். ஒவ்வொருவராக வந்து சொல்கிறார்கள், சர். என்னையும் சேர்த்தால் நீங்கள் ஐந்தாவது ஆள்.” மெழுகுவர்த்தி சாய்ந்தது, அதை நேராக்கினார். “முதல் ஐந்து நிமிஷத்திலேயே போய்விட்டிருக்கும், யார் வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். நம்பத்தான் பார்க்கிறேன். நீங்களும் பாருங்கள்.”

வெளியே வந்தேன். யாரும் ஒன்றும் சொல்லாமலே எட்கர் என் கேட் கம்பியிலிருந்து கயிற்றை அவிழ்த்துத் தன் டிரைசைக்கிளில் கட்டினார். நான் கேட்டை முழுக்கத் திறந்தேன். எங்கே என்றாலும் சரி என்று சொன்னார், எங்கே கொண்டுபோவது, இந்தத் தெருவில் ஒவ்வொரு இடமும் யாரோ ஒருவர் வாசல். கார்க் கதவைத் திறந்தேன். உள்ளே அடைபட்டிருந்த நான்கு நாள் வெப்பம் முகத்தில் வந்து விழுந்தது, முகத்துக்குப் போடும் பவுடர் வாசம் மாதிரி ஒன்று, வியர்வை. சீட் அவருக்குக் குழிந்திருந்தது. அந்தக் குழிக்குள் உட்கார்ந்தேன். என் உடம்பு அதை நிரப்பவில்லை. இங்கே ஸ்டியரிங் இடப்பக்கம், என் வீட்டைப் பார்த்த வலப்பக்கக் கண்ணாடியை எதேச்சையாகப் பார்த்தேன், அவர் தன் கண்ணுக்கு வைத்துக்கொண்ட கண்ணாடி, அதில் என் சன்னல், என் திரை, திரையின் ஓரத்தில் விரல் ஒதுக்கிய இடத்தில் விழுந்த மடிப்பு. என்னைப் பார்த்தாரோ? கடைசியாகப் பார்த்தது அந்த மடிப்பைத்தானோ? பார்வையைத் திருப்பிக்கொண்டேன். சாவியைப் போட்டேன், திருப்ப வரவில்லை. எஞ்சின் கிளம்பினால் அந்தச் சத்தம் இந்தத் தெருவில் மறுபடி கேட்கும். தலையைத் தூக்கிப் பார்த்தேன். சீட்டாடியவர்கள் எல்லோரும் காரைச் சுற்றி நின்றிருந்தார்கள். ஒருவரும் என்னை அவசரப்படுத்தவில்லை. எட்கர் குனிந்து, “வேண்டாம் சர். தள்ளிவிடலாம்,” என்றார். மூலைவீட்டுக்காரி ஈரக்கையோடு வந்து பின்பக்கத்தில் கைவைத்தாள். கடைக்காரர் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தார். ஸ்டியரிங் திரும்ப வேண்டுமே என்று சாவியை ஒரு சொடுக்கு மட்டும் திருப்பினேன், நியூட்ரலுக்குத் தள்ளினேன்.

சனிக்கிழமை அவர் அணைக்காமல் விட்ட ரேடியோ பேசியது. உரக்க. ஒரு ஆண்குரல், சந்தோஷமான குரல், நேயர்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்து வாசித்துக்கொண்டிருந்தது, ஊர்ப்பெயரும் ஆள்பெயருமாக. எல்லோருடைய கைகளும் காரின்மேல் அப்படியே நின்றுவிட்டன. நான் பொத்தானைத் தேடினேன், கிடைக்கவில்லை. மிலா வாசலுக்கு வந்துவிட்டார். நான்கு நாளாகப் பெட்டிப் பக்கத்தை விட்டு எழாதவர், செருப்பில்லாமல் வெயிலில் இறங்கி வந்து சன்னல் விளிம்பில் கைவைத்தார். அணைக்கட்டுமா என்று கேட்டேன். தலையை ஆட்டினார், வேண்டாம். அப்புறம் தள்ளினார்கள். முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம், ஒடித்து, நேராக்கி. சக்கரம் என் வாசல் மேட்டில் ஏறும்போது எல்லோரும் ஒரே மூச்சாக முக்கினார்கள். மிலா சன்னலை விடாமல் கூடவே நடந்தார். கார் என் போர்ட்டிகோவுக்குள் வந்து நின்றது. ஹாண்ட்பிரேக்கை இழுத்தேன். வேலை முடிந்தது, ஆனால் ஒருவரும் போகவில்லை. வேர்வை சொட்டச் சொட்ட எட்டுப் பேர் என் வீட்டுக்குள், சுவரோடு சுவராக ஒட்டி நின்றுகொண்டிருந்தோம். குரல் அடுத்த பெயரை வாசித்தது, அதற்கடுத்த பெயரை வாசித்தது. எல்லோரும் தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டோம்.